சாலை நீரில் இறங்கும் இடம்

கேடர் ஏரி, கிழக்கு டெக்சஸ்
16 பிப்ரவரி 2014, ஞாயிறு

அன்புள்ள மார்லாவுக்கு,

நீயும் டெஸ்ஸாவும் டேனும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே அப்பா சுகம். ரஸ்ஸும் சுகம். நானும் சுகம் என்று எழுதப் பேனாவை வைத்தேன், எழுத வரவில்லை.

செவ்வாய்க்கிழமை உன்னை அழைத்துச் சொல்லிவிட்டதாக ஷெரீஃப் சொன்னார். "அந்தம்மா ஒண்ணுமே பேசலை வெர்னா. இருக்கீங்களா, இருக்கீங்களான்னு கேட்டேன். அப்புறம் மெதுவா ஃபோனை வச்சிட்டாங்க" என்றார். அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் உன்னை அழைக்காததை நீயும் தவறாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கே இன்னும் பேச்சு கோவையாக வரவில்லை. கடிதம் என்றால் பாதியில் மடித்து வைத்துவிட்டு, முடிகிறபோது திரும்ப எடுக்கலாம்.

இத்தனை வருடம் கழித்துக் கர்டிஸ் கிடைத்துவிட்டான், அவனுடைய வண்டிக்குள், ஏரிக்கு அடியில் என்பதை ஷெரீஃப் சொல்லியிருப்பார். மீதியை இந்த ஊரில் வேறு யாராவது எழுதி நீ தெரிந்துகொள்ளக் கூடாது. அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ டெஸ்ஸாவை அழைத்துக்கொண்டு ஒரேகான் போன பிறகு நான் பள்ளிச் சமையலறை வேலையை விட்டதும், வெளியூர்க்காரர்களைப் படகில் கூட்டிப் போய் பாஸ் மீன் பிடிக்கவைக்கும் தொழிலுக்கு வந்ததும் உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் அட்டையோடு பெரிய மீனைத் தூக்கிப் பிடித்த படங்கள் அனுப்பியிருக்கிறேன். அந்தப் படங்களை நீ வைத்திருந்தால் எடுத்துக் கிழித்துவிடு. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த ஏரியில் மீன் ஒரே இடத்தில் இருப்பதில்லை, நீ கர்டிஸோடு வாழ்ந்தவள், உனக்கே தெரியும். மார்ச்சில் முட்டையிடக் கரையோரப் புல்லுக்கு வரும். அப்போது ரப்பர் பல்லியோ புழுவோ போதும். வெயில் ஏறினால் ஆழத்துக்குப் போய்ப் பழைய ஆற்றின் விளிம்பில் படுத்துக்கொள்ளும். அங்கே நீளமான புழுவைத் தரையோடு இழுக்க வேண்டும். அக்டோபரில் பொடி மீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு ஓடைகளின் கடைசி வரை ஓடும். வெள்ளி நிறத்தில் எதைப் போட்டாலும் கவ்வும். குளிர் இறங்கிய பிறகுதான் சிரமம். பசியே இல்லாததுபோல் கிடக்கும். எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் சோறு.

எனக்குத் தெரிந்திருந்தது. அணை கட்டுவதற்கு முன் இருந்த பழைய மாவட்டச் சாலை நீருக்குள் இறங்குகிற இடம் இருக்கிறதே, படகு இறக்கும் சரிவாக வைத்திருக்கிறார்களே, அங்கிருந்து ஒரு கல்லெறி தூரத்தில், சாலையை ஒட்டிய பள்ளத்தில், கெட்டியாக ஒரு பொருள் கிடந்தது. நான் தொழிலைத் தொடங்கிய முதல் குளிர்காலத்திலேயே அது தட்டுப்பட்டது. வெள்ளத்தில் உருண்டு வந்த பாறை என்று முடிவு கட்டினேன். அதற்கு அடுப்பு என்று பெயரும் வைத்தேன். குளிருக்கு அடுப்பைச் சுற்றி உட்காருகிற மாதிரி மீன் அதைச் சுற்றி நிற்கும். நவம்பரில் வரும், மார்ச்சில் போய்விடும்.

அங்கே பிடிக்க ஒரே முறைதான். ஈயத்தலை வைத்த கறுப்பு இரையை அதற்கு அப்பால் போட்டு மெதுவாக இழுத்து வர வேண்டும். படகில் வருபவர்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பேன்: "டொக்குன்னு கையில ஒரு தட்டு தெரியும் பாருங்க. அதான் பாறை. தட்டினதும் நிறுத்திடுங்க. இன்னொரு தடவை தட்டுங்க. உள்ள இருக்கிறவர் கதவைத் திறப்பார்."

மார்லா, நான் இப்படித்தான் சொல்லுவேன். இந்த வார்த்தைகளைத்தான் சொல்லுவேன். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இத்தனை குளிர்காலம் அவன் வண்டியின் கூரையைத் தட்டித் தட்டிப் பிழைப்பு நடத்தியிருக்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து வலது கை விரல்கள் எனக்குச் சொந்தமில்லாததுபோல் இருக்கின்றன. பாத்திரம் தேய்க்கும்போது ஏதாவது இடித்துவிட்டால் ரஸ் ஓடிவந்து குழாயை மூடிவிட்டு என்னை உட்காரவைக்கிறார்.

கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன். எங்கள் கல்யாண நாளுக்கு ரஸ் எனக்குப் புதிதாக ஒரு மீன் காட்டும் கருவி வாங்கிப் படகில் பொருத்தினார். பழையது வெறும் புள்ளியும் வளைவும் காட்டும். இது படகின் இரண்டு பக்கமும் தரையைப் புகைப்படம் மாதிரியே காட்டுகிறது. எட்டு நாளுக்கு முன்னால், சனிக்கிழமை, டாலஸிலிருந்து பிளங்கெட் என்று ஒரு பல் மருத்துவர் வந்திருந்தார். வருடா வருடம் வருபவர், கேலி பேசாமல் அவருக்குப் பொழுது போகாது. நான் படகை அடுப்புக்கு நேராக நிறுத்திக்கொண்டிருந்தேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "வெர்னா, உங்க பாறைக்குச் சக்கரம் இருக்கு" என்றார்.

வழக்கமான கேலி என்று நினைத்து, "உங்க கண்ணாடிய மாத்துங்க டாக்டர்" என்றேன்.

"கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. நீங்களே பாருங்க. இது பிக்அப் வண்டி. பின்னாடி கம்பிகூட வச்சிருக்கான்."

பார்த்தேன். வண்டி சற்றே சாய்ந்து கிடந்தது. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் கம்பிச் சட்டம் தெரிந்தது. டெஸ்ஸாவுக்கு ஊஞ்சல் செய்து மிஞ்சிய குழாயில் கர்டிஸ் தானே பற்றவைத்த சட்டம். குழாய் போதாமல் இடது பக்கம் குட்டையாகப் போய், "கோணலா இருக்கே" என்று நீ சிரித்தாய். "வண்டி வளைவுல திரும்பறப்ப நேராயிடும்" என்று அவன் சொன்னான். திரையில் இடது பக்கம் குட்டையாக இருந்தது.

நான் கத்தவில்லை. அதே நேரம் பிளங்கெட்டின் தூண்டிலில் மீன் விழுந்தது. பெரிய மீன். அவர் "வலை, வலை" என்றார். நான் வலையை எடுத்துப் போய் அந்த மீனை அள்ளினேன். வாயிலிருந்து கொக்கியைக் கழற்றினேன். எடை பார்க்கட்டுமா என்றுகூடக் கேட்டேன் என்று அவர் சொல்கிறார், எனக்கு நினைவில்லை. மீனைத் தண்ணீரில் விட்ட பிறகு படகின் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என் தம்பி கீழ இருக்கான்" என்றேனாம். அந்த மனிதர் படகைத் தானே ஓட்டிக் கரை சேர்த்தார். அவருக்குப் படகு ஓட்டவே தெரியாது. நங்கூரத்தை எடுக்காமலே ஓட்டினார்.

திங்கட்கிழமை முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள். வண்டியை இரும்புக் கயிறு கட்டி இழுத்தார்கள். ஊரே சரிவின் மேல் நின்றது. அவன் ஷெர்ரியோடு ஓடிப்போனான் என்று காபிக் கடையில் உட்கார்ந்து கதை கட்டியவர்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவன் காணாமல் போன அதே வாரம் அந்தப் பெண் அதே காபிக் கடையில் பரிமாறும் வேலையை விட்டுப் போனாள், அது ஒன்றுதான் அவர்களுக்குச் சாட்சி. படகு கொட்டகையில் இருந்தது, மீன்பிடிப் பெட்டி வீட்டில் இருந்தது, அதனால் ஏரியில் தேட ஒருவருக்கும் தோன்றவில்லை. ஷெரீஃப் இப்போது ஷெர்ரியைத் தேடிப் பிடித்துப் பேசினார். ஷ்ரீவ்போர்ட்டில் அக்கா வீட்டில் இருக்கிறாள், அன்றிலிருந்தே அங்கேதான் இருக்கிறாளாம். "கர்டிஸா? ரெண்டு முட்டையும் பிஸ்கட்டும் கேப்பாரே, அவரா? அவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டிருக்கிறாள். அவளை அழைத்துக் கேட்க ஒரு நிமிடம் போதும். ஒருவர்கூட அழைக்கவில்லை. நானும்தான்.

இனி எழுதுவதை நீ தனியாக இருக்கும்போது படி.

வண்டியின் கியர் ஓடவிடாமல் நிறுத்திவைக்கும் 'பார்க்' நிலையில் இருந்தது. காலால் அழுத்தும் பார்க்கிங் பிரேக்கும் தரைவரை அழுத்தியிருந்தது. வண்டியை இழுத்த மெக்கானிக் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "அம்மா, யாராவது வேற மாதிரி பேசினா என்கிட்ட அனுப்புங்க. ரெண்டு பின்சக்கரமும் பூட்டித்தான் கிடக்கு. பின்னாடி பாரமே இல்ல, கீழ ஐஸு. பூட்டின சக்கரம் சறுக்காம என்ன பண்ணும்? இந்த ஆளு வண்டி நிக்கணும்னு நெனச்சிருக்காரு. தண்ணிக்குள்ள போகணும்னு நெனைக்கலை." இதை அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். நீ இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

இருக்கையின் மேல் ஒரே ஒரு தூண்டில். அதன் நுனியில் சிவப்பு இரை கட்டியிருந்தது, உள்ளே குண்டு போட்டுக் கிலுகிலுக்கும் பிளாஸ்டிக் மீன். சாயம் பாதி போய்விட்டது, ஆனாலும் சிவப்பு. எதற்கு இதைப் பெரிதாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. ஜனவரியில் இந்த ஏரியில் சேற்று இறால் சிவந்துபோய் வெளியே வரும். வடகாற்று இறங்குவதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரம் மீனுக்குப் பைத்தியம் பிடிக்கும், அப்போது சிவப்பைத்தான் கவ்வும். அவன் காணாமல் போன அந்த ஜனவரி நாள் எனக்கு நினைவிருக்கிறது. காலையில் காற்றே இல்லை, வானம் ஈயம் மாதிரி கிடந்தது, மதியத்துக்குள் பனிமழை. அப்படி ஒரு வானத்தைப் பார்த்துவிட்டு ஏரியைத் தாண்டிப் போக இந்தக் கரையில் பிறந்த ஒருவனாலும் முடியாது. ஐந்து வீச்சு வீசிவிட்டுப் போகலாம் என்று திரும்பியிருப்பான். குளிருக்கு வண்டிக்குள் ஏறி ஹீட்டரைப் போட்டிருப்பான். பனிமழை உறைந்து சரிவு வழுக்கிப்போய், வண்டி அவனோடு தண்ணீருக்குள் சறுக்கியிருக்கிறது. ஊரை விட்டு ஓடுகிறவன் அந்த மாதத்துக்கு ஏற்ற இரையைத் தேடிக் கட்டிக்கொண்டிருக்க மாட்டான் மார்லா.

இன்னொன்று. கால் வைக்கும் இடத்தில் ஒரு பால் கேன் கிடந்தது. பெரிய கேன், மூடியின் வளையம் பிரிக்காமல் இருந்தது. நெடுஞ்சாலைக் கடையிலிருந்து உங்கள் வீட்டுக்குப் போகும் வழியில்தான் அந்தச் சரிவுக்குத் திரும்பும் பாதை இருக்கிறது. துணிப்பை, பெட்டி எதுவும் வண்டியில் இல்லை. அவன் பால் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அன்று காலை உங்கள் சமையலறையில் என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. நீ ஒருமுறை சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாய். எனக்குத் தெரியவும் வேண்டாம். வீட்டில் பால் தீர்ந்திருந்ததா என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

சீக்கிரம் முடிந்திருக்கும் என்று முக்குளிப்பவர் சொன்னார். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வார்களோ என்னவோ. நான் நம்புவதாக முடிவு செய்திருக்கிறேன்.

அப்பாவைப் பற்றி. இத்தனை வருடம் வீட்டில் அவன் பெயரைச் சொல்லவிடாதவர். சாப்பாட்டு ஜெபத்தில் நான் தவறிச் சொன்னாலும் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். அவரிடம் எப்படிச் சொல்வது என்று ரஸ்ஸும் நானும் வாசலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். கடைசியில் உள்ளே போய்ச் சொன்னேன். அழவில்லை. "வண்டி எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு?" என்று கேட்டார். இறங்கும்போது திரும்பியிருக்கிறது, கரைப் பக்கம் பார்த்துத்தான் கிடந்தது என்றேன். உண்மையாகவே அப்படித்தான் கிடந்தது, எனக்குப் பொய் சொல்லும் வேலை மிச்சம். "சரி" என்றார். பிறகு பக்கத்து வீட்டார் கொண்டுவந்த கோழிக் கேசரோலை வைக்கச் சொல்லித் தட்டு நிறையச் சாப்பிட்டார், இன்னொரு தடவையும் போட்டுக்கொண்டார். நான் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போதுதான் தோள் குலுங்க ஆரம்பித்தது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

அடக்கத்துக்கு நாள் குறிக்கப் போதகர் நேற்று வந்தார். அப்பா, "என் மருமக வரட்டும்" என்றார். போதகர் கொஞ்சம் தயங்கி, அவங்களுக்கு வேற கல்யாணம் ஆயிடுச்சே என்றார். "ஆகட்டும். நல்ல பையனாம். அவரையும் வரச் சொல்லு. அவ வந்துதான் மண்ணு போடணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கல்லில் என்ன வெட்டுவது என்று கேட்டதற்கும் உன்னைக் கேட்கச் சொன்னார். பெயருக்குக் கீழே டெஸ்ஸாவின் தகப்பன் என்று போட உனக்குச் சம்மதமா என்று எழுது. வேறு எதுவும் சேர்க்க வேண்டுமென்றாலும் எழுது. வேண்டாமென்றாலும் எங்களுக்கு வருத்தம் இல்லை.

நான் வேலைகளையெல்லாம் ரத்து செய்துவிட்டேன். தண்ணீர் சூடாகத் தொடங்கிவிட்டது, மீன் கரைப் பக்கம் நகரும் நேரம், ஆட்கள் அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ரஸ்தான் எடுத்துப் பதில் சொல்கிறார். மறுபடி படகில் ஏறுவேனா என்று இப்போது தெரியாது.

டெஸ்ஸாவுக்குப் பதினான்கு வயது ஆகிவிட்டது. தகப்பன் தன்னை வேண்டாமென்று விட்டுப் போனான் என்றே வளர்ந்த பெண். அவளிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்பது உன் உரிமை. சீக்கிரம் சொல், அவ்வளவுதான் கேட்கிறேன். அவளுக்கு இன்னும் ஒரு நாள்கூட அந்த நினைப்பு வேண்டாம்.

வருவதாக இருந்தால் முன்கூட்டி எழுத வேண்டாம், எந்த நாளும் வா. பின் அறையில் மூன்று பேருக்கும் படுக்கை போட்டு வைத்திருக்கிறேன். வர முடியாவிட்டால் அதையும் புரிந்துகொள்வோம். ஆனால் வா.

ஆண்டவர் உன்னைப் பிடித்துக்கொள்ளட்டும். உங்கள் மூவரையும் அவர் கைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

கணவன் கைவிட்டுப் போனான் என்று எழுதி நீதிமன்றம் உனக்கு விவாகரத்துத் தாளைக் கொடுத்த பிறகு, உனக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் வெறும் வெர்னா என்று கையெழுத்துப் போட்டு வந்தேன். அந்தத் தாளில் இருந்தது நடக்கவே இல்லை. டேன் தவறாக நினைக்க மாட்டார் என்று நம்பி, இன்று பழையபடி போடுகிறேன்.

உன் நாத்தனார்,
வெர்னா