திரைக்கு இந்தப் பக்கம் தடிமன்

1933 நவம்பர் 6, திங்கள்

அக்குறணையிலிருந்து கண்டிக்கு, கூடப்பிறந்த நானாவின் வீட்டுக்கு வந்து மூன்று வாரம். மூன்று வாரமும் மழை. இன்று காலையிலிருந்து மூக்கும் சேர்ந்து ஒழுகுகிறது. தடிமன்.

வியாழக்கிழமை இன்டர்வியூ. பெண்பிள்ளைகளுக்கென்று புதிதாகத் தொடங்கப் போகும் பள்ளிக்கூடத்துக்கு பாடம் சொல்லிக் கொடுக்க ஒரு உஸ்தானி தேவையாம். பதினொரு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் அந்தத் திட்டத்தையே கைவிடப் போகிறார்களாம். எனக்கு இந்த வேலை வேண்டும். வேண்டும் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேண்டும்.

"பக்குவமான வயதுடையவர்" என்று அறிவித்தலில் போட்டிருக்கிறார்கள். எனக்கு இருபத்தொன்று. மனுவில் வயதை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கொப்பியே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

நவம்பர் 7

இஞ்சி, கொத்தமல்லி. இரண்டு தரம் வேது பிடித்தேன். மூக்கு அசையவில்லை.

நவம்பர் 8

பாயிஸ் நானா வெள்ளைக்காரத் துரையின் ஒபீசில் கிளாக்கர். அதனால் இன்டர்வியூ பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. இரவுச் சாப்பாட்டில் எனக்குப் பாடம் நடந்தது. மூக்கை உறிஞ்சக் கூடாது. மூக்குத் துடைக்கும் லேஞ்சி இடது கையில் இருக்க வேண்டும். தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பி, மெதுவாகத் தும்மி, "எக்ஸ்கியூஸ் மீ" சொல்ல வேண்டும்.

"நான் திரைக்குப் பின்னாலதானே இருக்கப் போறன்? லேஞ்சி எந்தக் கையில இருந்தா யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"பழக்கம்ண்டா பழக்கம்தான்" என்றார். மஸீனா மதினி வாயைப் பொத்திக் கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.

நவம்பர் 9, வியாழன்

முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மக்கீன் ஹாஜியார் வீட்டு மண்டபம். குறுக்கே ஒரு பச்சைத் திரை. அந்தப் பக்கம் பள்ளிக்கூடக் கொமிட்டி — ஹாஜியார், இன்னும் இரண்டு பேர், ஓரத்தில் நானா. இந்தப் பக்கம் நான், ஒரு கதிரை, என் மூக்கு. ஸலாம் சொன்னேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கரகரவென்று அடித்தொண்டையிலிருந்து வந்தது.

முதல் கேள்வி குர்ஆன் ஓதல் பற்றி. பதில் சொல்லும் முன்பே தும்மல். "எக்ஸ்கியூஸ் மீ"யை இரவெல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன். வாயில் வந்தது அல்ஹம்துலில்லாஹ்தான். தும்மினவர் இறைவனைப் புகழ்ந்தால் கேட்டவர்கள் சும்மா இருக்கலாமா? மூன்று பேரும் ஒரே குரலில் "யர்ஹமுகில்லாஹ்" என்று எனக்கு அருள் வேண்டினார்கள். அவர்களுக்கு நான் திருப்பித் துஆச் சொல்ல வேண்டும். சொன்னேன். கேள்வி எங்கே போனது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

இரண்டாம் தும்மல், மறுபடி அத்தனையும். மூன்றாவதும் அப்படியே. நான்காவதுக்கு ஹாஜியார் மட்டும் சொன்னார்: "மூணு தரம் செல்லியாச்சி. இனி இது தடிமன். நீங்க தும்முங்க, நாங்க கேக்கிறத்தைக் கேக்கிறோம்."

அந்தச் சொல்லில் எனக்குப் பயம் விட்டுப் போயிற்று. பதினேழு பெட்டி, பெட்டிக்கு இருபத்து மூன்று மாம்பழம், மொத்தம் எத்தனை என்று மனக்கணக்குக் கேட்டார்கள். நடுவில் இரண்டு தும்மல். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று என்று சொல்லிவிட்டு ஏழாவதைத் தும்மினேன். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு எப்படித் தொடங்குவீர்கள் என்றார்கள். அதன் பெயரில் இருந்து என்றேன். யாரும் வயது கேட்கவில்லை. பெண்பிள்ளையிடம் வயது கேட்பது மரியாதை இல்லை அல்லவா?

வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் நானா சிரித்தார்.

"எடுபட்ட மாதிரித்தான். 'உங்கட சாச்சி நல்ல கெட்டிக்காரி, குரல்லயே பக்குவம் தெரியுது'ண்டு ஹாஜியார் செல்றார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்டும் செல்லல்ல. தலைய ஆட்டினன், அவ்வளவுதான்."

சாச்சி! தன் தங்கச்சியை உம்மாவின் தங்கச்சி ஆக்கிவிட்டு வந்து சோறு கேட்கிறார்.

நவம்பர் 11

வேலை எனக்குத்தானாம். கடிதம் வந்தது. சந்தோஷமாக இருக்கிறது. சந்தோஷமாக இல்லை.

நவம்பர் 12

குரல் திரும்பிவிட்டது. குயில் மாதிரி இல்லை, ஆனால் இருபத்தொரு வயசு மாதிரி இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு எப்படிப் போய் நிற்பேன்? ஒவ்வொரு நாளும் பச்சை மிளகாய் தின்று தொண்டையைக் கெடுக்கவா? நான் பொய் சொல்லவில்லை. நானாவும் சொல்லவில்லை. ஆனாலும் அங்கே ஒரு பொய் உட்கார்ந்திருக்கிறது, அதுக்கு நாற்பத்தைந்து வயசு.

"பேசாம இரு, பழகினா சரியாகும்" என்கிறார் நானா. "உங்கட தலையை நீங்க ஆட்டினது போதும்" என்று சொல்லிவிட்டேன். பிறகு பாவமாக இருந்தது. எனக்காகத்தானே ஆட்டினார்.

நவம்பர் 13, திங்கள்

ஹாஜியாருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நான்கே வரி. என் வயது இருபத்தொன்று. பாயிஸ் என் நானா. அன்று கேட்டது என் குரல் அல்ல, தடிமனின் குரல். உங்கள் முடிவை மாற்றினால் குறை சொல்ல மாட்டேன்.

கடைசி வரி மட்டும் பொய்.

நவம்பர் 15

பதில் இல்லை.

நவம்பர் 17

இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஹாஜியார் வரவில்லை என்றார் நானா. மற்ற இரண்டு பேரும் வரவில்லையாம். என் மேல் அவ்வளவு கோபமா?

நவம்பர் 18, சனி

பகல் பதினொரு மணிக்கு வாசலில் திரை போட்ட ரிக்ஷா. இறங்கினவர் ஹாஜியாரின் மனைவி ருக்கியா உம்மா. உள்ளே வந்து உட்காரும் முன்பே தும்மினார். நானும் மதினியும் துஆச் சொன்னோம்.

"எல்லாம் உங்கட வேலதான், மகள்" என்றார். "மூணு ஆம்பிளயும் தடிமன்ல படுத்தாச்சி. திரை போட்டது பார்வைக்கி மட்டும்தான் போலக் கிடக்கு. எனக்கும் பிடிச்சிட்டிது. அதான் நான் பார்த்திட்டு வரச் செல்லி அனுப்பினாங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

"சின்னப் பிள்ளதான். கலியாணம் பேசினா விட்டுட்டுப் போயிருவீங்க. அதுக்குத்தான் வயசான ஆள் கேட்டாங்க."

"கலியாணம் வந்தாலும் படிப்பிப்பன், உம்மா. படிப்பிக்க விடுற வீட்டுக்குத்தான் போவன்." எப்படிச் சொன்னேனோ தெரியாது. மதினி என்னைக் கிள்ளினார்.

ருக்கியா உம்மா சிரித்தார். "ஏழு தரம் தும்மியும் கணக்கை விடல்லயாமே. கடிதத்தைப் பார்த்து ஹாஜியார் என்ன சென்னார் தெரியுமா? 'வயசு குறைவுண்டா அதுவும் தடிமன் மாதிரித்தான், தானாப் போயிரும்.' ஆனா உங்கட நானாவோட அவருக்குக் கொஞ்சம் கதைக்க ஈக்கிது."

நானா பின்கதவால் கடைக்குப் போய்விட்டார். ருக்கியா உம்மாவுக்கு இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சீனியை இரண்டு தரம் போட்டுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

நவம்பர் 19

நானா ஹாஜியார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வந்தார். தடிமனோடு.

1934 ஜனவரி 22, திங்கள்

பெருநாள் முடிந்து இன்று பள்ளிக்கூடம் தொடங்கியது. பதினொரு பேரும் வந்தார்கள். கிழட்டு உஸ்தானிக்கென்று முன்பே வாங்கி வைத்த மெத்தைக் கதிரையும் வெற்றிலை துப்பும் பித்தளைப் படிக்கமும் அப்படியே இருந்தன. படிக்கத்தில் தண்ணீர் ஊற்றி, சிலேட்டுத் துடைக்கும் துணியைப் போட்டேன்.

கொமிட்டி திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருந்தது. என் சொந்தக் குரல் அவர்களுக்கு இன்றுதான் முதல் தரம் கேட்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பலகையில் எழுதி, அந்த எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிடித்திருக்கிறதா இல்லையா?

ஆறாவது பெயரில் நிற்கும்போது ஹாஜியார் தும்மினார். "அல்ஹம்துலில்லாஹ்."

நான் வாயைத் திறக்கும் முன்பே பதினொரு பிள்ளைகளும் ஒரே குரலில் "யர்ஹமுகல்லாஹ்!" என்றார்கள். கூரை அதிர்ந்தது.

அந்தப் பக்கம் கதிரைகளை இழுத்து எழும்பும் சத்தம்.

"நாங்க போறோம், உஸ்தானி" என்றார் ஹாஜியார். "நீங்க நடத்துங்க."

ஏழாவது பெயரை எழுதினேன்.