கலைக்காத பூநாரை

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று எங்கள் வகுப்பு வள்ளத்தில் ஏறி, பரவைக்கடலின் ஆழமில்லாத நீரில் பூநாரை பார்க்கப் போனது. அவை பறப்பதைப் பார்க்கும் ஆசையில் என் தோழி ஞானாம்பிகை கைதட்டப் போனாள். வள்ளக்காரர் சிமியோன் தடுத்தார்.

"அதுகள் சாப்பிட வந்ததுகள், பிள்ளை. கலைச்சால் முதுகைத்தான் பாப்பியள். கதையாமல் இருங்கோ, கிட்ட வரும்."

வள்ளத்தை நிறுத்திவிட்டு அவரும் அசையாமல் இருந்தார். எனக்கு முதலில் அலுப்பாக இருந்தது. பிறகு ஒரு பூநாரை, நீருக்குள் தலையைக் கவிழ்த்து இரை தேடியபடி எங்கள் அருகிலேயே வந்தது. அதன் இளஞ்சிவப்பு இறகில் ஒட்டியிருந்த சேறுகூடத் தெரிந்தது.

நான் கதைத்துக் கதைத்து உங்களைக் களைப்பாக்கிவிடுவேன் என்றுதானே ஆசுப்பத்திரியில் என்னை உள்ளே விடவில்லை? தாதியம்மாவிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்றும் கதையாமல் இருப்பேன். இப்போது எனக்கு அப்படி இருக்கத் தெரியும்.

உங்கள் அன்பு மகள்