என் மகள் ராஜாமணி இருக்கிறாள் என்று தெரிவிக்கும் மனு

அனுப்புநர்:
ச. இருதயமேரி (வயது 44),
க/பெ. சவுரிராயன்,
மாதா கோயில் தெரு, வடபூண்டிப்பாக்கம்,
ஓமந்தூர் வழி, திண்டிவனம் வட்டம்,
தென்னாற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: மகளின் பாஸ்போர்ட் விசாரணையில் நான் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டு, உடனே மறுவிசாரணை கோருதல்.

மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு,

பணிவான வணக்கம். நான் எட்டாவது வரை படித்தவள். எங்கள் ஊர்ச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை செய்கிறேன். மனு எழுதித் தர ஆள் இருந்தும் இதை நானே எழுதுகிறேன். பொய் என் வாயால் சொன்னது, உண்மையை என் கையால் எழுதுவதுதான் முறை.

என் ஒரே மகள் ராஜாமணி, வயது 22, சென்னையில் கால்நடை மருத்துவம் இறுதி ஆண்டு படிக்கிறாள். காட்டு விலங்குகளுக்கும் மேய்ச்சல் மாடுகளுக்கும் பொதுவாக வரும் நோய்களைப் பற்றி மூன்று மாதம் நேரில் பயிற்சி பெறக் கென்யா தேசத்துக்கு இரண்டு மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருத்தி என் மகள். காட்டெருமைக்கு வைத்தியம் பார்த்து நமக்கு என்ன ஆகப்போகிறது என்று நான்கூடக் கேட்டேன். “வெக்கை நோவுக்கு வேலி தெரியாதும்மா. அங்க காட்டெருமைக்கு வர்றதுதான் நம்மூரு மாட்டுக்கும் வருது” என்றாள். அவளுடைய பத்தாவது வயதில் எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் ஒன்பது மாடுகள் வெக்கையில் செத்தன. அன்று பிடித்த பிடிவாதம்தான் இந்தப் படிப்பு.

பாஸ்போர்ட்டுக்காக ஆபீசிலிருந்து ஆள் வந்து விசாரிப்பார்கள் என்று அவள் கடிதம் எழுதியிருந்தாள். ஆபீஸ் என்றால் யாரோ அதிகாரி பைலோடு ஜீப்பில் வருவார் என்று நினைத்துவிட்டேன். சென்ற ஜூலை 9ஆம் தேதி வந்தவர் வேட்டி கட்டி, சைக்கிளில் வந்தார். ஆனால் காலில் போலீஸ்காரர்கள் போடும் சிவப்பு பூட்ஸ் போட்டிருந்தார். “ராஜாமணின்ற பொண்ணு இந்த வூடுதானே? இப்ப எங்க இருக்குது?” என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

ஐயா, போன வருடம் அறுப்புக் கூலித் தகராறின்போதும் அதே மாதிரி பூட்ஸ் போட்ட ஒருவர், இதே மரியாதையோடு, “சவுரிராயன் வூடு இதானே?” என்று கேட்டார். “ஆமாங்க, உள்ள சாப்ட்டுக்கினு இருக்காரு” என்று சொன்னவள் நான்தான். கை கழுவக்கூட விடாமல் கூட்டிப்போனார்கள். என் கணவர் பதினோரு நாள் கழித்து வந்தார். வழக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதுமுதல் அவருக்கு இடது காது கேட்பதில்லை. அதற்காக இந்த மனு இல்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள், அவ்வளவுதான்.

ஆகவே, “அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்க” என்று சொல்லிவிட்டேன்.

அவர் தெருவில் மற்றவர்களையும் கேட்டார். போலீஸ் கேட்டால் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பதில்லை என்பது எங்கள் தெருவின் வழக்கம். எதிர்வீட்டுப் பூமாலை, ஆடு மல்லாட்டைச் செடியை மேய்ந்த சண்டையில் என்னோடு இரண்டு வருடமாகப் பேசுவதில்லை. அவளும், “அந்தம்மாவுக்குப் புள்ளைங்களே பொறக்கலீங்க” என்று கேட்டதற்கு மேலேயே சொல்லி அனுப்பினாள். கோயில் உபதேசியார் பொய் சொல்லமாட்டார் என்பதால் வாயே திறக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். முப்பத்திரண்டு வீட்டில் ஒருவர்கூட உண்மையைச் சொல்லவில்லை. அன்று மாலை அதைப் பெருமையாகப் பேசிச் சிரித்தோம்.

ஜூலை 28ஆம் தேதி பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லை, போலி முகவரி தந்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். கடிதத்தோடு மகள் ஊருக்கு வந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. “ஏம்மா, நான் இல்லன்னு சொல்ல உனக்கு எப்பிடி வாய் வந்துச்சு?” என்று மட்டும் கேட்டாள்.

ரேஷன் கார்டு, ஞானஸ்நானச் சான்று, பள்ளிச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்கு நான்கு முறை போனோம். “அன்னிக்கி தெருவே இல்லன்னீங்க, இன்னிக்கி தெருவே இருக்குதுன்றீங்க. நாங்க எதை நம்பறது?” என்று அங்குள்ள எழுத்தர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. மேலிடத்து உத்தரவு இல்லாமல் மறுபடி விசாரிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் எதிரே பெஞ்சில் என் மகள் உட்கார்ந்திருந்தாள், ஐயா.

இம்மாதம் 20ஆம் தேதிக்குள் பாஸ்போர்ட் வராவிட்டால் அவள் இடத்தைப் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். போலி முகவரி என்று வழக்கும் வந்துவிட்டால், நாளைக்கு அரசாங்க மாட்டு ஆஸ்பத்திரியில்கூட அவளுக்கு வேலை கிடைக்காது. எங்கள் காலனியிலிருந்து இவ்வளவு தூரம் படித்துப் போன முதல் பெண்ணைப் பெற்ற தாயே கவிழ்த்தாள் என்ற பேச்சோடு நான் எப்படி இருப்பேன்? எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குச் சமைக்கும் சோற்றில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிடுகிறேன்.

முப்பத்திரண்டு வீட்டாரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த தாளை இத்துடன் இணைத்துள்ளேன். முதல் கைநாட்டு பூமாலையுடையது. தாங்கள் யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள், எந்த உடுப்பிலும் வரட்டும்.

எங்கள் பேச்சை இனி நம்ப முடியாது என்று தாங்கள் நினைத்தால், அரசாங்க விசாரணையில் பொய் சொன்னதற்கு என்மீது வழக்குப் போடுங்கள். நானே நிலையத்துக்கு வந்து நிற்கிறேன், ஜெயிலுக்கும் போகிறேன். அந்த வழக்கில் நான் என்ன பொய் சொன்னேன் என்று எழுத வேண்டும் அல்லவா? ராஜாமணி என்று ஒரு மகள் இருந்தும் இல்லை என்றாள் என்றுதானே எழுதுவீர்கள். அதில் ஒரு நகலை மட்டும் 20ஆம் தேதிக்குள் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கும்படி தங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: வடபூண்டிப்பாக்கம்
நாள்: 6.8.1986

இப்படிக்கு,
ச. இருதயமேரி,
ராஜாமணியின் தாய்.