இரண்டு விதவைகளில் ஒருத்தி

பிப்ரவரி 9, 2014, ஞாயிறு

மழை. நான் வேலை பார்க்கும் திரைச்சீலைக் கடைக்கு விடுமுறை. மதியம்வரை படுக்கையிலேயே கிடந்தேன்.

நேற்றைய நிகழ்ச்சி நன்றாகவே போனது. சனிக்கிழமை மாலைகளில் ஓசாகாவின் தோயாமாச் சந்தில் இருக்கும் அந்தச் சின்ன பாரில் நானும் யசுமசாவும் பெண் வேடத்தில் இரண்டு பணக்கார விதவைகள். நான் பியோனி அம்மையார். அவன் வயலட் சீமாட்டி. வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றில் சந்தித்து, யார் கணவன் அதிக ஆடம்பரமாகச் செத்தான் என்று சண்டை போடுவோம். நடுநடுவே எங்கள் அம்மாக்கள் காலத்துப் பாட்டுகள்.

“என் வீட்டுக்காரர் போனப்ப மூணு டாக்டர் கதறி அழுதாங்க.”

“ஃபீஸ் வரலையேன்னு அழுதிருப்பாங்க.”

எத்தனையோ வருடமாக இதே வரிகள். நேற்றும் சிரித்தார்கள்.

மேக்கப்பைக் கலைக்கும்போது கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான்: “ஹகாதாவுக்குப் போறேன்டி. ஹிரோசேயோட. ஒரேயடியா.”

ஹிரோசே ஹகாதாவில் பல் டாக்டர், ரயிலில் இரண்டரை மணி நேரம். போன வருடம் ஏதோ பயணத்தில் பழக்கமானவர். நான் இன்னும் பார்த்ததில்லை.

“ஜாக்கிரதைடி. அந்தாளு வாயத் திறன்னு சொல்லுவாரு, பேச விடமாட்டாரு” என்றேன். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஐம்பத்தெட்டு வயதில் அவனுக்கு ஒருவர் கிடைத்திருக்கிறார். சந்தோஷப்பட வேண்டும். படுகிறேன். படுகிறேனா?

பிப்ரவரி 11

எங்கள் விதவைகளை வைத்து எழுதும் அடுத்த நாவல் ஒரு வரிகூட நகரவில்லை.

மார்ச் 1, சனி

அவனோடு கடைசி நிகழ்ச்சி. நிற்கக்கூட இடமில்லை. முடிந்ததும் வயலட்டின் கவுனை மடித்து என் கையில் கொடுத்தான். கல்யாண மண்டபம் ஒன்று வேண்டாமென்று எங்கள் கடைக்குத் திருப்பி அனுப்பிய பீச் நிறத் திரைச்சீலையில் நான் தைத்தது. மூன்று அடுக்குச் சுருக்கு, தலையணை அளவுக்குத் தோள், விளிம்பெல்லாம் நெருப்புக்கோழி இறகு.

“அந்த வீட்ல இதுக்கு இடமில்லடி. நீயே வெச்சுக்கோ.”

அலமாரி சின்னது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 16

பார் முதலாளியைத்தான் வயலட்டாக்கினோம். அறுபத்தெட்டு வயது ஆண். எல்லோரும் அவரை அம்மா என்றே கூப்பிடுவோம். வசனத்தை விசிறியில் எழுதி வைத்துக்கொண்டார். நேற்று பாதியில் விசிறியைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார். கூட்டம் சிரித்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தது, விதவைகளைப் பார்த்து அல்ல.

“என்னால முடியலடா கண்ணு. நீ தனியா பண்ணு” என்றார் அம்மா.

ஒருத்தி தனியாக எப்படிச் சண்டை போடுவாள்?

ஏப்ரல் 3

விதவைகள் நாவல் நான்கு வந்துவிட்டன. பார் கவுண்டரில் வேர்க்கடலைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து விற்கிறோம். ஒவ்வொரு பக்கத்தையும் எழுதியவுடன் போனில் அவனுக்குப் படித்துக்காட்டுவேன். அவன் சிரித்தால் இருக்கும், சிரிக்காவிட்டால் கிழிப்பேன்.

இன்று புதிதாக ஒரு வரி வந்தது. “உங்க நகையெல்லாம் அசலா?” “நகை அசல்தான், கழுத்துதான் போலி.” உடனே கூப்பிட்டேன்.

“அவர் பக்கத்துல இருக்கார். அப்புறம் பேசறேன்” என்றான்.

அப்புறம் பேசவில்லை.

ஏப்ரல் 20

வீட்டில் பியோனியின் கவுனைப் போட்டுப் பார்த்தேன், சும்மா. முதுகு ஜிப் பாதியில் நின்றுவிட்டது. அதை இழுத்துவிடுவது அவன்தான் எப்போதும். அப்படியே முதுகு திறந்தபடி உட்கார்ந்து உதோன் நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

மே 4, ஞாயிறு

ஹகாதா போய்வந்தேன். அவனே வரச்சொன்னான்.

கதவைத் திறந்தது சாம்பல் நிறக் கார்டிகன். அதற்குள் யசுமசா! மின்சாரக் கட்டணம் கட்டக்கூட மஞ்சள் பூட்ஸ் போட்டுப் போனவன்.

ஹிரோசே நல்ல மனிதர். மெலிந்த உருவம், நிதானமான பேச்சு. மீனை முள் எடுத்து அவன் தட்டில் வைத்தார். பிறகு என்னிடம், “திரைச்சீலைக் கடைல ரெண்டு பேரும் ஒண்ணா வேலை பார்த்தீங்களாமே?” என்றார்.

அவன் அந்தக் கடையில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. நான் அவனைப் பார்த்தேன். அவன் மிசோ சூப்பைப் பார்த்தான்.

எனக்கு என்னவோ ஆகிவிட்டது. பியோனி குரலில், “என் வீட்டுக்காரர் போனப்ப மூணு டாக்டர் கதறி அழுதாங்க” என்றேன்.

“டீ ஆறிடும்” என்று யசுமசா என் கோப்பையில் ஊற்றினான்.

மே 5

மறைச்சிட்டான். எங்க மொத்த வாழ்க்கையையும் அந்தாளுகிட்ட மறைச்சிட்டான். அதுல என்ன அசிங்கம்? போடா. போ. உன் கார்டிகனையும் உன் மீனையும் நீயே வெச்சுக்கோ.

மே 24, சனி

இனி நிகழ்ச்சி இல்லை என்று அம்மாவிடம் சொல்லத்தான் போனேன். கவுண்டரில், கோட்டைக் கழற்றாமல், ஹிரோசே!

“உங்க திரைச்சீலைக் கடைக்கு போன் பண்ணேன். சனிக்கிழமைன்னா அவர் தோயாமா பார்ல இருப்பார், எல்லாருக்கும் தெரியுமேன்னு போனை எடுத்தவங்க சொன்னாங்க” என்றார்.

பீர் வந்தது. தொடவில்லை. பிறகு சொன்னார்: “அவன் குளிக்கறப்ப உள்ள ரெண்டு பொம்பளைங்க சண்டை போடுறாங்க. மொதல்ல வேற யாரோ இருக்காங்கன்னே நெனச்சேன். கேட்டா ரேடியோங்கறான். அன்னிக்கு நீங்க சாப்பாட்டு மேசைல பேசினீங்களே… அதுதான் அந்த ரெண்டுல ஒரு குரல்.”

என் குரலையும் அவனே பேசிக்கொள்கிறான், குளியல் தொட்டியில்.

அம்மா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

“நான் வேணாம்னு சொன்னதே இல்ல” என்றார் ஹிரோசே. “டாக்டர் வீட்டுக்கு இதெல்லாம் பொருந்தாதுன்னு அவனே முடிவு பண்ணிட்டான் போல. எனக்கு அதைப் பார்க்கணும். நீங்க ஹகாதாவுக்கு வருவீங்களா? முன்னாடியே சொன்னா ஓடிடுவான்.”

ஜூன் 8, ஞாயிறு. ரயிலில்

எழுத்து ஆடுகிறது. பரவாயில்லை.

ஹகாதா ஸ்டேஷன் கழிப்பறையில் வேஷம் போட்டேன், ஜிப் பாதிவரைதான். டாக்ஸிக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. என் கவுன் இறகு கதவில் மாட்டாமல் பார்த்து மூடினார். ஒரு கையில் வயலட்டின் கவுன் இருந்த பெட்டி. பட்டப்பகலில், அந்த அமைதியான தெருவில், மணியை அடித்தேன்.

யசுமசா திறந்தான். தலையிலிருந்து கால்வரை பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

“என் வீட்டுக்காரர் போனப்ப” என்று தொடங்கினேன்.

கதவைச் சாத்திவிட்டான்.

நின்றேன். எதிர்வீட்டு அம்மாள் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டாள். இருந்தாலும் மூடிய கதவிடம் சொல்லி முடித்தேன்: “மூணு டாக்டர் கதறி அழுதாங்க.”

பிறகு உள்ளிருந்து, கரகரப்பாக, வயலட்:

“மூணா? எங்க வீட்ல ஒருத்தர்தான். அதுவும் பல் டாக்டர்.”

புது வரி! அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தேன், கண்மை கழுத்துவரை வழிய. எதிர்வீட்டு அம்மாளும் சிரித்தாள்.

கதவு திறந்தது. சாப்பாட்டு அறையில் முழுதாக நடித்தோம். பார்வையாளர் ஹிரோசே ஒருவர்தான். சிரிக்க வேண்டிய இடத்தில் முழித்தார். சோகப் பாட்டில் விழுந்து விழுந்து சிரித்தார். கடைசியில் எழுந்து நின்று கைதட்டினார். யசுமசா அழுதான். கவுன் அவன் இடுப்பில் இறுக்கிப் பிடித்தது. நிறைய மீன்.

நான் முகம் கழுவும்போது பின்னால் வந்து நின்றான்.

“ஓசாகாவுக்கு வரமாட்டேன்டி. இங்க நல்லா தூங்கறேன்.”

“தெரியும்.”

“கோவமா?”

“ஆமா.”

“சரி. அடுத்த மாசம் வா. இவருக்கு எங்க சிரிக்கணும்னு சொல்லிக் குடுக்கணும்.”

வயலட்டின் கவுனை அங்கேயே விட்டுவிட்டேன். ஹிரோசே அதைத் தன் கோட்டுகளுக்கு நடுவில் மாட்டினார்.

பெட்டி பாதி காலியாக ஆடுகிறது. நிகழ்ச்சியை விடப்போவதில்லை, ஆனால் சனிக்கிழமை நான் தனியாகத்தான் நிற்க வேண்டும். அது மாறவில்லை.

ஹிரோஷிமா தாண்டியதும் பக்கத்து இருக்கைப் பெண்மணி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க இடது கண்ல ஒட்டு இமைமுடி கழண்டு தொங்குது.”

முகத்தைக் கழுவியவன் கண்ணை மறந்திருக்கிறேன்.

“பிச்சு எடுத்துடட்டுமா?” என்றேன்.

கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து நீட்டினாள். “எதுக்கு? நல்லாத்தானே இருக்கு. அழுத்தி ஒட்டிக்கோங்க.”

ஒட்டிக்கொண்டேன். ஷின்-ஓசாகா ஸ்டேஷன்வரை அப்படியே வந்தேன்.