நால்வர் பக்கம்

13 மே, செவ்வாய்

குப்பை வாளி வைக்கிற நாள். மஞ்சள் மூடியா, பச்சை மூடியா என்று இவர்தான் பார்ப்பார். எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் இழுத்துக்கொண்டு போய் றோட்டில் வைத்தேன். எது வேண்டுமோ அதை எடுக்கட்டும்.

குசினி அமைதியாக இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கராஜ். இவர் அங்கே இசைத்தட்டைப் போட்டால் இங்கே சுவர்த் தட்டில் அடுக்கிய தகரப் பேணிகள் எல்லாம் கிடுகிடு என்று ஆடும். இப்போது வைத்தது வைத்தபடி நிற்கின்றன. பார்க்கவே பிடிக்கவில்லை.

15 மே, வியாழன்

இவருடைய தமையன் வந்தார், பெரியண்ணை. இவர் போன முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு மலர் அடிக்க வேண்டுமாம். சிவபுராணம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, கடைசியில் எல்லோருக்கும் பயன்படுகிறமாதிரி ஒரு கட்டுரை.

"'சீனி வருத்தமும் நாமும்' எண்டு போடுவம்."

"இவருக்குச் சீனி இல்லையே, பெரியண்ணை. இதயம் எல்லோ நிண்டது."

"வாசிக்கிறவைக்குச் சீனி இருக்கும்."

வாழ்க்கை வரலாற்றை வாசித்தேன். "அமரர் சுதர்சன் ஓர் இசைப் பிரியர்" என்று ஒரு வரி. இதைப் படித்தால் ஏதோ கச்சேரிக்குப் போய்த் தொடையில் தாளம் போட்ட மனிசன் என்றல்லவா நினைப்பார்கள்? சனி ஞாயிறு முழுக்கக் கராஜில் கிடந்த என்னுடைய ஆள் எங்கே?

"கட்டுரையை நான் எழுதுறன்" என்றேன். வாய் தவறித்தான் வந்தது.

பெரியண்ணை பார்த்த பார்வை! நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்.

"எதைப் பற்றி?"

"போஸ்ட் பங்க்."

"என்ன பங்கு? ஊர்க் காணியிலயோ?"

"பங்கு இல்லை, பங்க். இவற்ற பாட்டு."

"அந்தச் சத்தமோ! விமலா, இது சைவ ஆக்களின்ர புத்தகம். என்ர தம்பியைப் பார்த்துச் சனம் சிரிக்க விடமாட்டன்."

17 மே, சனி

எழுத உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுகிறதுதான் அழுகிறேன் என்று வெங்காயத்தையும் எடுத்து உரித்தேன்.

18 மே, ஞாயிறு

மகள் ராகவியைக் கேட்டேன். "ஜஸ்ட் கூகிள் இட், அம்மா" என்றாள். கூகிளுக்கு இவரைத் தெரியுமா?

ஆனால் வெங்காயத்தில் விசயம் இருக்கிறது. உரிக்க உரிக்கத் தானாக வந்தது. நான் இந்தப் பக்கம் சமைக்க, இவர் அந்தப் பக்கம் நின்று கத்திக் கத்திச் சொன்னதெல்லாம் காதுக்குள்ளேயே கிடக்கிறது. எழுதினேன்:

"எழுபத்தாறு, எழுபத்தேழில் இங்கிலாந்தில் பங்க் வந்தது. வாசிக்கத் தெரியாத பொடியளும் கிற்றாரைத் தூக்கினார்கள். குசினிக்குள் புகுந்து சட்டி பானையை எல்லாம் போட்டு உடைத்தமாதிரி. உடைத்துக் களைத்த பிறகு சிலர் வீட்டுக்குப் போகவில்லை. இந்த ஓட்டுத் துண்டுகளை வைத்து என்ன சமைக்கலாம் என்று பார்த்தார்கள். அதுதான் போஸ்ட் பங்க். மான்செஸ்டரில் ஜோய் டிவிஷன். சந்தோசம் பெயரில் மட்டும்தான். லண்டனில் த ஸ்லிற்ஸ். பெண்பிள்ளைகள், ஒருத்தரிடமும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. எங்கள் மெல்பேர்னிலும் ஒரு கூட்டம் இருந்தது. முதல் பெயர் பக்கத்து வீட்டுப் பொடியள். பிறகு பேர்த்டே பார்ட்டி என்று மாற்றிக்கொண்டு லண்டன் போனார்கள்."

அந்த பேர்த்டே பார்ட்டி! கலியாணம் முடித்த புதிதில் "கராஜில பேர்த்டே பார்ட்டி, வாறீரோ?" என்று கேட்டார். நான் சீலை மாற்றி, பூ வைத்து, கையில் ஒரு பெட்டி சொக்லேற்றோடு போய் நின்றேன். மனிசன் சிரிக்கவில்லை. கதிரையைத் துடைத்துப் போட்டார். சொக்லேற்றை இரண்டு பேருமாகத் தின்று முடித்தோம். காதுதான் இரண்டு நாள் இரைந்தது.

22 மே, வியாழன்

இவருக்கு எல்லாவற்றிலும் பெரிது கேங் ஒஃப் ஃபோர் என்கிற லீட்ஸ் இசைக்குழு. இதைத் தமிழில் எப்படி எழுதுவது? கேங் என்றால் காடையர் கூட்டம், ரவுடிகள். காடையர் என்று போட்டால் பெரியண்ணை புத்தகத்தையே நிறுத்துவார். யோசித்துப் பார்த்துவிட்டு "நால்வர்" என்று போட்டேன். நாலு பேர்தானே? தலைப்பும் அதுவே: நால்வர் தந்த இசை.

24 மே, சனி

டார்னெய்ட்டில் அச்சு வேலை செய்கிற ஜெகதீஷுக்கு எழுதியதைப் படம் எடுத்து அனுப்பினேன். இந்தியப் பிள்ளை. உடனே போன்.

"ஆன்ட்டி, அங்கிள் பெட்ரோல் பங்க் வச்சிருந்தாரா?"

அவர்கள் ஊரில் பெற்றோல் செற்றுக்கு அப்படித்தான் சொல்வார்களாம்.

"வைச்சிருக்கேல்லைத் தம்பி. வேலை செய்தவர்."

அதுவும் உண்மைதான். அகதியாக வந்த புதிதில் பெற்றோல் செற்றில் நின்றார். கூட வேலை செய்த வெள்ளைக்காரன் ஒருத்தன் கொடுத்த கசெற்றில்தான் எல்லாம் தொடங்கியது. "இந்த நாட்டில சும்மா சிரிச்சு நடிக்காமல் என்னோட கதைச்ச முதல் குரல் அதுதான், விமலா" என்பார்.

அதையும் தம்பியிடம் சொன்னேன். "சூப்பர் ஆன்ட்டி, அதையும் சேத்துடுறேன்" என்றான்.

27 மே, செவ்வாய்

புத்தகம் வட்சப்பில் வந்தது. "நால்வர் தந்த இசை" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதற்குக் கீழே சம்பந்தர், அப்பர், சுந்தரர், மாணிக்கவாசகர். நாலு பேரும் வரிசையாக, திருநீறு பூசிக்கொண்டு. அதற்குக் கீழே: "லீட்ஸ் நகரில் தோன்றிய இவர்கள் கிற்றாரைக் கத்திபோல் வெட்டி வெட்டி வாசித்தார்கள்."

ஜெகதீஷ் தானாகவே தேடிப் போட்ட படம்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இவர் போன பிறகு முதல் சிரிப்பு. சொல்வதற்காகச் சுவர்ப் பக்கம் திரும்பியும் விட்டேன்.

திருத்தச் சொல்ல நான் போனை எடுக்க முதல் பெரியண்ணை போன் அடித்தார். "விமலா, பார்த்தனான். நால்வர் பக்கம் நல்ல வடிவு. இப்பதான் உனக்குப் புத்தி வந்திருக்கு." தலைப்பையும் படத்தையும் மட்டும் பார்த்திருக்கிறார்.

பிறகு ஜெகதீஷ். "பெரிய அங்கிள் ஓகே சொல்லிட்டாரு. பிரிண்ட் குடுத்துரவா?"

சொல்லலாமா? சொன்னால் படம் போகும். படத்தோடு பக்கமும் போகும். அந்த இடத்தில் சீனி வருத்தம் வந்து குந்தும்.

"குடுங்கோ தம்பி."

நால்வரே, மன்னியுங்கோ. நீங்களும் ஊர் ஊராகப் போய்ப் பாடினவர்கள்தானே.

3 ஜூன், செவ்வாய்

முப்பத்தோராம் நாள். ஐயர் போனார், பிறகு புத்தகம் கொடுத்தார்கள். பேசாமல் சாப்பிட்டுப் போயிருக்கலாம். பெரியண்ணை எழும்பி, "நால்வர் பக்கத்தை நானே வாசிக்கிறன்" என்றார். ஐயோ.

தலைப்பை இழுத்து, இராகத்தோடு வாசித்தார். லீட்ஸ் வந்ததும் நின்றுவிட்டார். ராகவி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மூலைக் கதிரையில் இருந்து சுஜீவா அன்ரி கேட்டா: "சம்பந்தர் லீட்ஸுக்கும் போனவரே?"

வீடே சிரித்தது. சனம் சிரிக்கக் கூடாது என்றுதானே அந்த மனிசன் பயந்தது?

பெரியண்ணை என்னைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மிச்சத்தை வாசித்தார் – சட்டி பானை, பக்கத்து வீட்டுப் பொடியள், எல்லாம். சிரித்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினார்கள். பெற்றோல் செற் வந்தது. "சும்மா சிரித்து நடிக்காமல் என்னோடு…" புத்தகத்தை மூடிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார்.

"இதை எனக்கு அவன் ஒருநாளும் சொல்லேல்லை" என்றார். பிறகு, "நானும் கேக்கேல்லை."

5 ஜூன், வியாழன்

பெரியண்ணையிடமிருந்து போன் இல்லை.

22 ஜூன், ஞாயிறு

விடியவே பெரியண்ணை வந்தார். வந்த காரணம் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்தார். குளிர் என்றார். பிறகு, "கராஜ் திறப்பை ஒருக்கால் தா" என்றார். சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

மத்தியானத்துக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு பேணி ஆடியது. பிறகு எல்லாம் கிடுகிடு என்று. விளிம்புக்கு வந்த ஒன்றைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பக்கத்தில் இருந்து சத்தம்: "விமலா! இந்த நாலு பேரில ஆர் சம்பந்தர்?"

கிற்றார் அடிக்கிறவர் என்று கத்திச் சொன்னேன்.