நீ எறிந்த பந்து யாருக்கு

பந்து நனைந்துவிட்டதடி.

நேற்று மாலை மழை கொட்டியபோது பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூட மைதானத்திலேயே போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். இன்று காலை எடுத்து வந்து வகுப்பறை ஜன்னலில் காய வைத்தேன். ஊறிப்போன தோலும் அதன் மேல் நாங்கள் தடவும் விளக்கெண்ணெயும் சேர்ந்து ஒரு வாடை கிளம்பியது. கணக்குப் பாடம் நடத்த வந்தவள் சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். "டீச்சர், கண்ணுல தூசியா?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. உயிரோடு இருந்தபோதே ஒழுங்காகப் பதில் போடாதவள் நீ. இப்போது பதிலை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதால் மனத்தில் உள்ளதை எல்லாம் எழுதிவிடலாம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இன்னும் பொறாமை போகவில்லை. வெட்கமும் இல்லை.

நாம் சேர்ந்து படித்த இடத்தைக் கல்லூரி என்று நாம்தான் பெருமைக்குச் சொல்லிக்கொண்டோம். சனிக்கிழமைதோறும் கோலாலம்பூரில் கூடிய ஆசிரியப் பயிற்சி வகுப்பு அது. வாரமெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமை நாமே பிள்ளைகளாகிப் பெஞ்சில் உட்காருவோம். பல்கலைக்கழகம் என்று ஒன்று அப்போது இந்த நாட்டில் கிடையாது. நம் போன்ற வீட்டுப் பெண்களுக்கு எட்டிய படிப்பு அவ்வளவுதான். நீ கிள்ளானிலிருந்து காலை ரயிலில் வருவாய். பிரிக்பீல்ட்ஸ்காரி நான் நடந்தே வந்து உனக்காக ஸ்டேஷனில் காத்திருப்பேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துச் சாம்பிராணி காட்டிய உன் தலை மறுநாளும் மணக்கும். பக்கத்தில் வந்து நின்றால் போதும், கண்ணை மூடிக்கொண்டே நீதான் என்று சொல்லிவிடுவேன்.

பெண்களுக்கு ஒரு பாஸ்கெட் பால் அணி வேண்டும் என்று முதலில் கேட்டவள் நீ. வகுப்பை நடத்திய வெள்ளைக்கார அம்மா உன் சேலையை மேலும் கீழும் பார்த்து, இதைக் கட்டிக்கொண்டு எப்படி ஓடுவாய் என்றார். நீ முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாடாங் மைதானம் முழுவதையும் ஒரு சுற்று ஓடி வந்து, அவர் முன்னால் மூச்சு வாங்க நின்றாய். அடுத்த வாரம் பந்து வந்தது. வளையம் வரவில்லை. ரயில்வே பட்டறையில் கொல்லர் வேலை பார்த்த என் அப்பா, கழித்துப் போட்ட இரும்புக் கம்பியை வளைத்து அதைச் செய்து கொடுத்தார். வளையம் எங்கள் வீட்டுச் சொத்து, ஆகவே பந்து எனக்குத்தான் வர வேண்டும் என்று ஒரு நியாயம் அன்றே என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பெண்களுக்கென்று இருந்த அந்த ஆட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது. பிடித்தவள் நின்ற இடத்திலிருந்தே இன்னொருத்திக்கு எறிய வேண்டும். வளையத்தில் போடும் உரிமை இரண்டே பேருக்கு. நீ சென்டர், நடுவட்டத்தில் நிற்பவள். எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் நீ வளையத்தில் போட முடியாது. ஆனால் யார் போடுவது என்பது உன் கையில் இருந்தது. போடுகிற இருவரில் நான் ஒருத்தி. இன்னொருத்தி, பாவம், வானத்தைக் குறி பார்ப்பவள். அதனால் பந்து எனக்கே வந்துகொண்டிருந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன்.

முதல் ஆட்டத்தன்று என் கை நடுங்கியது உனக்கு நினைவிருக்கும். சுற்றிலும் கூட்டம். ரிக்‌ஷாக்காரர்கள்கூட வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நீ நடுவட்டத்திலிருந்து ஓடி வந்து என் இரண்டு உள்ளங்கைகளையும் பிடித்து விரித்தாய். "சரசு, கைய மட்டும் விரிச்சு வை. பந்து ஒன்ன தேடி வரும்" என்றாய். தேடித்தான் வந்தது. அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. வகுப்பில் இன்ஸ்பெக்டர் வந்து நின்றபோதும், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் உள்ளுக்குள் அதையே சொல்லிக்கொண்டேன். எனக்கென்று நீ கொடுத்தது அல்லவா.

பிறகு இராசம்மா வந்தாள்.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த வருடம் அது. நம் வானம் பார்த்த பெண், வேலை இழந்த அப்பாவோடு ஊருக்குக் கப்பலேறிவிட்டாள். அவள் இடத்துக்குக் காஜாங்கிலிருந்து வந்தவள் இராசம்மா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா கோர்ட்டில் கிளார்க். பனைமரம் மாதிரி உயரம். "இவ கைய தூக்கினா வளையமே இவ கிட்ட வந்துடும் லா" என்று நீ சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்குப் பந்து போகத் தொடங்கியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். உன் அப்பாவின் மளிகைக் கடையிலிருந்து நீ கொண்டு வரும் கச்சாங் கடலைப் பொட்டலம் இருக்கிறதே, அதை ஸ்டேஷனில் உட்கார்ந்து, காகிதத்தை இரண்டாய்க் கிழித்து, உனக்குப் பாதி எனக்குப் பாதி என்று தின்போம். அவள் வந்த பிறகு காகிதம் மூன்றாய்க் கிழிந்தது. அவளை ஏற்றிக்கொண்டு போகும் காஜாங் ரயில் வருகிறதா என்று நான் எட்டி எட்டிப் பார்த்தது அவள் மேல் உள்ள அக்கறையில் என்று நினைத்தாயா?

ஒரு நாள் அவள் ரயில் போனதும் கேட்டே விட்டேன். "ஒனக்கு நான் பெருசா, அவ பெருசா? நேரா சொல்லு."

நீ கச்சாங் தோலை ஊதிவிட்டு என்னைப் பார்த்தாய். "ஏண்டி, இது என்ன பொண்ணு பாக்குற விஷயமா? எவ காலியா நிக்கிறாளோ அவளுக்குப் போடறேன். நீ மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டு ஒரே எடத்துல நிக்கிற. ஒன்ன சுத்தி ரெண்டு பேரு காவல் இருக்காங்க. நான் என்ன பண்றது?"

சொன்னது நிஜம். நிஜமாக இருந்ததால் இன்னும் வயிறு எரிந்தது.

கடைசியாக ஆஸ்பத்திரித் தாதிமாரோடு ஆடினோம். ஒவ்வொரு வருடமும் நம்மைத் தோற்கடித்தவர்கள். அன்று கடைசி வரை இரண்டு பக்கமும் சமமாகவே போயிற்று. விசில் ஊதப் போகிற நேரத்தில் பந்து உன் கையில். நான் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். நீ என்னைப் பார்த்தாய். நன்றாகக் கண்ணோடு கண் பார்த்தாய். நான் கையை விரித்தேன். தாதிமார் அத்தனை பேரும் என் மேல் பாய்ந்தார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே நீ அவளுக்கு எறிந்தாய். தனியாக நின்றவள் நிதானமாகப் போட்டாள். என் அப்பா செய்த வளையத்தில் அவள் போட்ட பந்தால் ஜெயித்தோம். நானும் கை தட்டினேன். கை வலிக்கத் தட்டினேன்.

பயிற்சி முடிந்தது, அணியும் கலைந்தது. நமக்குப் பிறகு வந்தவர்கள் தையல் வகுப்புக் கேட்டார்களாம். வளையம் என்ன ஆயிற்றோ தெரியாது. இப்போது சிங்கப்பூரில் ஏதோ கல்லூரிப் பெண்கள் ஆடுகிறார்கள் என்று பேப்பரில் படம் வந்திருந்தது. மலாயாவிலேயே முதன்முதலாகப் படித்த பெண்களின் அணி என்று கீழே போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தும் எரிந்தது. நீ இருந்திருந்தால் பேப்பர்காரனுக்கு நாலு வரி எழுதிப் போட்டிருப்பாய்.

நீ இல்லை. விஷக்காய்ச்சல் என்றார்கள். நான் கிள்ளானுக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உன் கருமாதியன்று உன் வீட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். இராசம்மா வந்து பக்கத்தில் அமர்ந்தாள். இத்தனை வருடத்தில் அவளுக்கும் கண்ணாடி வந்து, கொஞ்சம் கூன்கூட விழுந்திருந்தது. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. என்னைவிட அதிகமாக அழுதிருக்கிறாளோ என்று பார்த்தேன்.

"சரசு, உமக்கு ஒண்டு சொல்லட்டே?" என்றாள். "இண்டைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. முதல் நாள் ஆடேக்க என்ர கை ரெண்டும் நடுங்கிச்சுது. அவள் ஓடி வந்து கையைப் பிடிச்சாள். 'கைய மட்டும் விரிச்சு வை. பந்து ஒன்ன தேடி வரும்' எண்டாள். எனக்கு மட்டும் சொன்னது. அதை வைச்சுக்கொண்டுதான் நான் இவ்வளவு காலமும் பிள்ளையளுக்கு முன்னால நிக்கிறன்."

உன் வார்த்தையை உன் கிள்ளான் பேச்சிலேயே சொன்னாள். அந்த 'ஒன்ன'வைக்கூட விடவில்லை. ஒரு நொடி நீயே பேசியது போல் இருந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன், எனக்கு உன் குரல் அப்படி வராது.

எனக்கும் அதையேதான் சொன்னாள் என்று சொல்ல நாக்கு துடித்தது. பந்தைத்தான் பங்கு போட்டாய், கச்சாங்கைப் பங்கு போட்டாய், இதையுமா? வாயைத் திறந்தேன். அவள் மடியில் இரண்டு உள்ளங்கைகளும் விரிந்து கிடந்தன. "ஒன்கிட்ட சொன்னாளா? நல்லா சொல்லியிருக்கா" என்று மட்டும் சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

எனக்கு நல்ல மனசு என்று நினைத்துவிடாதே. அவளுடையது பாதி என்று காட்டப் போனால் என்னுடையதும் அந்த நிமிடமே பாதியாகிவிடும். அதற்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் பந்து காய்ந்துவிட்டது. சனிக்கிழமை எங்கள் பிள்ளைகளுக்கு முதல் ஆட்டம். காலை எங்கே வைப்பது, யாரைப் பார்ப்பது, ஒரே இடத்தில் நிற்காமல் இருப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி மெல்ல வந்து, "டீச்சர், கை நடுங்குது" என்றாள். உன் வார்த்தை என் வாய்வரை வந்தது. "நகத்த வெட்டிக்கிட்டு வா, எல்லாம் சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டேன்.

உன் வார்த்தை ஏற்கெனவே இரண்டாய்க் கிழிந்துவிட்டது. மூன்றாய்க் கிழிக்க எனக்கு மனசு வரவில்லையடி. கையை விரித்துத்தான் வைத்திருக்கிறேன். இந்த முறை என்னைப் பார்த்தால், எனக்கே போடு.