உன் அட்டவணையில் இல்லாத நோயாளிகள்

அன்பு மகனே, உன்னுடன் அமர்ந்து எல்லா நாட்டுக் கிளைகளின் விடுப்பையும் கணக்கிடும் அலுவலகத் தோழர்களே! நானும் உன் தங்கையும் நலம். நீங்கள் அனைவரும் நலமோடிருக்க வாழ்த்துகிறேன். உங்கள் நிறுவனத்தின் கிளையான எங்கள் சலவைக்கூடம் நலமாக இல்லை. நலமாக இருப்பதாக நீ எழுதியனுப்பிய பொய்யைப் பற்றியதுதான் எங்கள் முறையீடு.

நீ கையொப்பமிட்ட நோய்விடுப்பு அட்டவணையை மேலாளர் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார். நீ இருக்கும் நாட்டில் ஆண்டுக்கு ஆளுக்குச் சராசரியாகப் பதினெட்டு நாள் நோய்விடுப்பு எடுக்கிறார்களாம், இங்கே ஒன்றரை நாள்தானாம். "உங்களுக்கெல்லாம் இரும்பு உடம்பும்மா, நர்ஸ் எதுக்கு?" என்று சிரித்தபடியே, மாத இறுதியோடு மருத்துவ அறையை மூடப்போவதாகச் சொன்னார். போர்வை மடிக்கும் குண்டக்கா விடவில்லை, "இரும்புதான் சார், துரு புடிச்ச எடத்தையெல்லாம் காட்டவா?" என்றாள். கூடமே சிரித்தது, அறிவிப்பு மட்டும் அசையவில்லை. சென்ற வாரம் நீராவியில் முழங்கை வெந்த பெண்ணை அந்த அறையில்தான் கிடத்தினோம், மருத்துவமனைக்கு ஒரு மணி நேரப் பயணம் என்பது நீ அறியாததா?

"இங்க தும்மினாலே லீவு போட்டுடறாங்கம்மா" என்று தொலைபேசியில் கேலி செய்தாயே, அவர்களைப் பழிக்காதே. அங்கே காலையில் ஒரு சொல் சொன்னால் நோய் என்று எழுதிக்கொள்கிறார்கள், ஊதியமும் குறைவதில்லை. இங்கே முதல் நாளே மருத்துவர் சான்று வேண்டும், அதற்கு வரிசையில் நின்றே நாள் போய்விடும், ஆகவே மேற்பார்வையாளர் "சொந்த வேலை" என்று எழுதிவிடுகிறார், அந்த நாள் கூலியும் போகிறது. அதற்கும் அஞ்சுபவர் காய்ச்சலோடு வந்து, கைரேகை வைத்துவிட்டு, அழுக்குத்துணி மூட்டைகளின் பின்னால் படுத்துக்கொள்கிறார், அவர் பங்கை நாங்கள் மடிக்கிறோம், ஏட்டில் அவர் பணிக்கு வந்தவர். நெஞ்சுவலியால் வேலையையே இழந்த கொதிகலன்கார மாமாவோ எந்தக் கணக்கிலும் வருவதில்லை, பணியில் இல்லாதவரை நீ எண்ணுவதில்லையே!

இந்தப் பொய்க்கு நானும் உடந்தைதான். ஒரு நாளும் நோய்விடுப்பு எடுக்காதவள் என்று மேடையேறிப் பாராட்டுப் பத்திரம் வாங்கினேன், நீ கைதட்டினாய். அந்த ஆண்டு மஞ்சள்காமாலையோடு பதினொரு நாள் மூட்டைகளின் பின்னால் கிடந்தவள் நான். இனி மறைக்க மாட்டோம். நேற்று முதுகு பிடித்துக்கொண்ட குண்டக்கா கூடத்தின் நடுவிலேயே படுத்தாள். ஏட்டில் நோய் என்று எழுதும்வரை நாங்கள் எவரும் துணியைத் தொடவில்லை. "எழுதுங்க சார், எழுத்து மறந்துபோச்சா?" என்று அவள் படுத்தபடியே கேட்க, மேற்பார்வையாளர் வியர்த்து வழிந்து எழுதினார். சான்று கேட்காமல் நோய் என்று எழுதியது இருபது ஆண்டில் முதல் முறை!

நேரத்துக்கு உண், குளிரில் காதை மூடிக்கொள், உடம்பு முடியாத நாளில் வெட்கப்படாமல் விடுப்பெடு. நீடு வாழ்க, நெஞ்சுரத்தோடு வாழ்க. வேலை போய்விடுமோ என்று உனக்கு அச்சம் வரும். எங்களுக்கும் வந்தது, அந்த அச்சத்தோடுதான் எதிர்த்து நின்றோம். மருத்துவ அறையை மூடுவது பற்றி மாத இறுதிக்குள் உங்கள் தலைமையகத்தார் கூடி இறுதி முடிவெடுப்பார்கள். எங்கள் கிளையில் பெரும்பாலான நோய் ஏட்டில் ஏறுவதே இல்லை என்று அந்த அட்டவணையின் தலைமேல் எழுது. எழுத விடாவிட்டால் உன் கையொப்பத்தைத் திரும்பப் பெறு. நாளை என்று சொல்லாதே, கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு இப்போதே எழுந்து போ!

உன் அம்மா,
துணி தேய்ப்புப் பிரிவு,
தொழிலாளர் சங்கச் செயலாளர்